விஷ ஜுரமும் சர்க்கரை மாத்திரையும்

பன்றிக் காய்ச்சல் என்று ஜனங்கள் வழங்கும் இன்புளூயன்ஸா ஜுரம் எங்கேனும் தலைகாட்டியதாகச் செய்தி வந்தால், அதன் பின்னாலேயே மற்றொரு செய்தியும் வருவது வழக்கமாகிவிட்டது. தெருமுனையில் பந்தல் போட்டுத் தொண்டர்கள் சிலர் ஹோமியோபதிச் சர்க்கரை மாத்திரைகளைச் சிறு குப்பிகளில் இலவசமாக வழங்குகிறார்கள். மூன்று நாள் வெறும் வயிற்றில் உட்கொண்டால் ஜுரம் அணுகாது என்று சொல்லப்படுகிறது. வாங்கிச் செல்லும் ஏழை, கவலை தீர்ந்ததென்று வீடு திரும்புகிறான். வழங்குவோரின் நல்லெண்ணத்தில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் நல்லெண்ணம் மட்டும் நோயைத் தடுத்துவிடுமா என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

முதலில் நோய் இன்னதென்று அறிதல் வேண்டும். பன்றி, பறவை, மனிதன் ஆகிய மூவகைப் பிராணிகளைப் பற்றும் இன்புளூயன்ஸா வைரஸ்களின் கூறுகள் பன்றியின் உடலில் கலந்து உண்டான புதிய வைரஸ் ஒன்று, 2009-ம் வருஷம் ஏப்ரல் மாதம் மெக்ஸிகோவிலும் அமெரிக்காவிலும் வெளிப்பட்டது. அதற்கு ஹெச்1என்1 என்று பெயர். ஜூன் 11-ந் தேதி உலக சுகாதார ஸ்தாபனம் அதை உலகம் தழுவிய கொள்ளைநோய் என்று அறிவித்தது. மே மாதத்தில் ஹைதராபாத்தில் நம் தேசத்தின் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். ஆகஸ்டு மாதத்தில் பூனா நகரில் பள்ளிச் சிறுமி ஒருத்தி முதற்பலியானாள். 2010 ஆகஸ்டில் கொள்ளைநோய் முடிந்ததாக அறிவிக்கப்பட்டதேயன்றி வைரஸ் ஒழியவில்லை. அது ஆண்டுதோறும் வரும் ஜுரங்களுள் ஒன்றாக நம்மிடையே தங்கிவிட்டது. 2015-ல் மட்டும் இந்தியாவில் 42,000 பேருக்கு மேல் அதனால் பீடிக்கப்பட்டு, ஏறக்குறைய 3,000 பேர் மாண்டனர்.

பெயரைக் கொண்டு நோயை அறிய முயல்வது எவ்வளவு பேதைமை என்பதற்கு எகிப்து தேசம் சாட்சி. ஒருவருக்கேனும் அங்கு இந்நோய் காணாதிருந்தபோதே, 2009 ஏப்ரலில் அத்தேசத்துச் சர்க்கார் சுமார் மூன்று லட்சம் பன்றிகளைக் கொல்லும்படி உத்தரவிட்டது. நோயோ மனிதனுடைய இருமலிலும் தும்மலிலும் பரவுவது. நன்கு வேகவைத்த மாமிசத்தால் வருவதன்று. கெய்ரோ நகரத்துக் குப்பையை அள்ளி அதைக் கொண்டு பன்றி வளர்த்த ஏழைகள் பிழைப்பை இழந்ததும், தெருக்களில் குப்பை மலைபோல் குவிந்ததுமே கண்ட பலன். அறியாமை அதிகாரத்தோடு சேர்ந்தால் ஏழையின் தலையிலேதான் விடியும்.

நம் முன்னோர் கண்ட கொடுமையையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1918 ஜூனில் பம்பாய்த் துறைமுகத்தின் வழியே நுழைந்த விஷ ஜுரம், சில மாதங்களுக்குள் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. 1921-ம் வருஷத்து ஜனக்கணிதியில் மக்கள் தொகை முந்தைய கணக்கைவிடக் குறைந்தே காணப்பட்டது. அன்று நோயின் காரணம் எவருக்கும் தெரியாது. மனிதரைப் பற்றும் இன்புளூயன்ஸா வைரஸ் 1933-ல்தான் லண்டனில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆதலின் இருட்டில் தடவியவர்களை நாம் குறைகூறுவதற்கில்லை.

அந்த இருட்டிலே பிறந்த மருந்தொன்று இன்றும் கடைகளில் விற்கிறது. ஜோசப் ருவா என்ற பிரெஞ்சு வைத்தியர், அந்தக் கொள்ளைநோயின் காலத்தில் நோயாளிகளின் இரத்தத்தில் துள்ளும் கிருமியொன்றைப் பூதக்கண்ணாடியில் கண்டதாக நம்பினார். அப்படி ஒரு கிருமி இருப்பதை வேறெவரும் நிரூபிக்கவில்லை. இன்புளூயன்ஸா வைரஸோ அத்தகைய கருவியின் கண்ணுக்கு எட்டாதது. ஆயினும் வாத்தின் ஈரலிலும் இருதயத்திலும் அக்கிருமி இருப்பதாகக் கொண்டு, அவற்றை மேன்மேலும் கரைத்துச் செய்யப்படும் ‘ஆஸில்லோகாக்ஸினம்’ என்ற ஹோமியோபதி மருந்து, இன்புளூயன்ஸாவுக்கென்றே பல தேசங்களில் விலைபோகிறது.

நம் நாட்டில் வழங்குவது ‘ஆர்ஸெனிகம் ஆல்பம் 30’. 2020 ஜனவரியில் கொரோனா நோய் பரவத் தொடங்கிய வேளையில், மத்திய சர்க்காரின் ஆயுஷ் இலாகாவே இதைத் தடுப்பு மருந்தாகச் சிபாரிசு செய்தது. இன்புளூயன்ஸா போன்ற ஜுரங்களுக்கும் இதுவே சொல்லப்பட்டு வருகிறது. ஒரு பங்கு மருந்தை 99 பங்கு திரவத்தில் கலந்து, அதில் ஒரு பங்கை எடுத்து மீண்டும் 99 பங்கில் கலந்து, இவ்வாறு முப்பது தரம் செய்வதையே அந்த 30 என்ற எண் குறிக்கிறது. பன்னிரண்டாம் தரத்தைத் தாண்டும்போதே மூல மருந்தின் ஒரு மூலக்கூறாவது எஞ்சியிருக்குமென்று எதிர்பார்க்க இடமில்லை. எஞ்சுவது சர்க்கரையே.

‘உட்கொண்டோம், குணமாயிற்று’ என்பார் பலர். அவர்கள் பொய் சொல்லவில்லை. இன்புளூயன்ஸா கண்டவர்களில் பெரும்பாலோர் எந்த மருந்துமின்றி ஒரு வாரத்தில் தாமே தேறிவிடுவர். அந்தப் பெருமை மாத்திரைக்குப் போய்விடுகிறது. காக்ரேன் என்ற சர்வதேச ஆராய்ச்சிக் கூட்டம் மேற்சொன்ன வாத்து மருந்தைப் பற்றிய பரீக்ஷைகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, அது இன்புளூயன்ஸாவைத் தடுக்கும் அல்லது தீர்க்கும் என்று கொள்ளத் தக்க நல்ல சான்று இல்லையென்று 2015-ல் தெரிவித்தது. அதே வருஷத்தில் ஆஸ்திரேலிய தேசத்து வைத்திய ஆராய்ச்சிக் கழகமும், எந்த வியாதிக்கும் ஹோமியோபதி பலன் தருமென்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை என்று முடிவு கூறிற்று.

‘நன்மையில்லாவிடினும் தீமையில்லையே’ என்று சிலர் கேட்கலாம். தீமை மாத்திரையில் இல்லை. அதை நம்பிக் கழியும் நாட்களில் இருக்கிறது. ஓஸெல்டாமிவிர் என்ற மருந்து, ஜுரம் கண்ட 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் மிகுந்த பலன் தரும். கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியோர், நீரிழிவும் இருதய நோயும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் ஆகியோருக்கு அந்த இரண்டு நாட்களே உயிர்நிலை. மூச்சுத் திணறல், மார்வலி, சளியில் இரத்தம், உதடு நீலம் பாய்தல், குழந்தை பால் குடிக்க மறுத்தல் இவற்றில் ஒன்று கண்டாலும் அக்கணமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். குப்பியை நம்பியிருக்கும் தாய் ஓடுவாளா?

இதில் சுதேசிய அபிமானத்தைப் புகுத்துவோரும் உளர். ஹோமியோபதி நம் முனிவர் தந்ததன்று. ஜெர்மனியில் ஹானிமன் என்பவர் வகுத்தது. ஆயினும் பிறந்த இடத்தைக் கொண்டு ஒரு வைத்தியத்தைக் கொள்ளவோ தள்ளவோ நாம் சொல்லவில்லை. கல்கத்தாவில் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார், 1867-ல் தம் கூட்டத்தாரின் பகையைப் பொருட்படுத்தாது ஹோமியோபதியைத் தழுவினார். அவரே, இந்தியர் தம் கையாலேயே இயற்கையைப் பரீக்ஷித்து உண்மை காண வேண்டுமென்று 1876-ல் இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தை ஸ்தாபித்தார். அந்தச் சங்கத்தின் ஆராய்ச்சிச் சாலையில்தான் நம் தமிழ்நாட்டு ஸர் சி. வி. ராமன் 1928-ல் உலகப் புகழ் பெற்ற உண்மையைக் கண்டார். அப்பெரியார் நமக்கு விட்டுச்சென்ற ஆஸ்தி அவருடைய மாத்திரைப் பெட்டியன்று. எதையும் சோதித்த பின்னரே ஏற்பது என்ற அந்த விரதமே.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. மாத்திரை மலிவானது, அதை வழங்கிவிட்டுக் கடமை தீர்ந்ததென்று இருந்துவிடுவது எளிது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் டாக்டரும் மருந்தும் பிராணவாயுவும் எந்நேரமும் இருக்கச் செய்வதும், அபாயத்துக்குள்ளானோர்க்கும் சிகிச்சை செய்வோர்க்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவதும் கடினம். ஆனால் பிரஜைகள் வரி கொடுப்பது கடினமான காரியத்துக்காகவே.

பந்தல் போடும் இளைஞர்களே! பந்தலைக் கலைக்க வேண்டாம். அதே பந்தலில் நின்று அபாயக் குறிகளை அச்சிட்டு வழங்குங்கள். வீதியிலுள்ள கர்ப்பிணிகளையும் முதியோரையும் ஜாபிதா எடுத்துத் தடுப்பூசிக்கு அழைத்துச் செல்லுங்கள். நள்ளிரவில் மூச்சுத் திணறும் ஏழையை ஆஸ்பத்திரி சேர்க்க ஒரு வண்டி தயாராக வைத்திருங்கள். தேசத் தொண்டு என்பது அதுவே என்று நாம் துணிந்து கூறுவோம்.