பத்திரத்தில் தெரு இல்லை

சென்னையில் மேற்கு மாம்பலத்திலோ மயிலாப்பூரிலோ பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் வீடு விலைக்கு வருகிறது. இரண்டு படுக்கையறை, நல்ல காற்று, நடக்கும் தூரத்தில் ரயில் நிலையம், கோயில், காய்கறிக் கடை. விலையும் அந்தப் பகுதிக்குச் சற்றுக் குறைவு. காரணம் கேட்டால், “கார் பார்க்கிங் மட்டும் கிடையாது சார். தெருவுலயே விட்டுக்கலாம், எல்லாரும் அப்படித்தான் விடுறாங்க” என்பார் தரகர். குறையும் அதற்கான சமாதானமும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. வீடு பார்க்க வந்தவர்களும் தலையாட்டிவிட்டுச் சமையலறையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

நின்று யோசிக்க வேண்டிய இடம் அதுதான். நிறுத்துமிடம் இல்லாத வீட்டைத் தாராளமாக வாங்கலாம். சென்னையில் பல குடும்பங்களுக்கு அதுவே நல்ல முடிவாகவும் இருக்கும். தெருவைத் தன் நிறுத்துமிடமாகக் கணக்கில் வைத்துக்கொண்டு வாங்குவதுதான் தவறு. குறைந்த விலையின் லாபம் வாங்குபவருக்குப் போகிறது, அதன் சுமையைத் தெருவில் உள்ள எல்லோரும் சுமக்கிறார்கள்.

இத்தகைய வீடுகள் உருவானதில் யாருடைய தந்திரமும் இல்லை. திருவல்லிக்கேணியிலும் ஜார்ஜ் டவுனிலும் சுவரோடு சுவர் ஒட்டி, முகப்பு குறுகி, உள்ளே நீண்டு செல்லும் வீடுகள் கார் என்ற பொருள் வருவதற்கு முன்பே வந்துவிட்டவை. திண்ணைக்கு அடுத்தது தெரு. பிறகு, 1980களிலும் 90களிலும் தனி வீடுகளை இடித்து ஒரு கிரவுண்டு, இரண்டு கிரவுண்டு மனைகளில் ஆறு வீடு, எட்டு வீடு என்று கட்டினார்கள். மாருதி 800 சாலைக்கு வந்ததே 1983 டிசம்பரில்தான். அன்று எட்டு வீட்டில் இரண்டு வீட்டுக்குக் கார் இருந்தாலே அதிகம். ஆகவே இரண்டு மூன்று கார்களுக்கும் சில ஸ்கூட்டர்களுக்கும் இடம் விட்டால் போதும் என்று கட்டியவர்கள் நினைத்தார்கள். அந்த இடமும் பல கட்டடங்களில் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் மூடிக்கு மேலேதான். தண்ணீர் லாரி வந்தால் முதலில் காரை எடுக்க வேண்டும். இன்று அதே எட்டு வீட்டிலும் கார் நிற்கிறது, சிலவற்றில் இரண்டு.

ஒரு காருக்கான இடம் எவ்வளவு என்று கணக்குப் போட்டால் இதன் பாரம் தெரியும். கட்டட விதிகள் ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கேட்கின்றன. ஏறத்தாழ 135 சதுர அடி. சதுர அடி 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பதின்மூன்றரை லட்சம் ரூபாய். கார் உள்ளே வந்து திரும்பும் வழி இதில் சேரவில்லை. இதே 135 சதுர அடியைத்தான் தெருவில் நிற்கும் ஒவ்வொரு காரும் வாடகையின்றி எடுத்துக்கொள்கிறது. இருபதடித் தெருவின் இருபுறமும் இப்படி நின்றால் நடுவில் மிஞ்சுவது எட்டடிக்கும் குறைவு.

அந்த இடைவெளிக்குள் தீயணைப்பு வண்டி வர முடியாது. ஆம்புலன்ஸ் தெருமுனையில் நின்றுவிட, நோயாளியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். கோடையில் தண்ணீர் லாரி உள்ளே வரவே திணறும். 2019-ல் ஏரிகள் வறண்டு நகரமே லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த நாட்களைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அதிகம் பேசப்படாத பாதிப்பு ஒன்றும் உண்டு. கார் இல்லாத வீட்டு முதியவருக்கு ஆட்டோதான் கால். வாசலில் வேறொருவரின் கார் நின்றால் ஆட்டோ நான்கு வீடு தள்ளித்தான் நிற்கும். மூட்டுவலியோடு இருப்பவருக்கு அந்த நான்கு வீட்டுத் தூரம் சிறியதல்ல. நடைபாதையில் ஏறி நிற்கும் காரைச் சுற்றிக்கொண்டு, பேருந்து வரும் சாலையில் இறங்கி நடப்பவர்களும் இத்தகைய முதியவர்களே.

அண்டை வீட்டாருக்கிடையே மனக்கசப்பு தொடங்குவதும் இங்கேதான். வாசலுக்கு எதிரே உள்ள தெரு தன்னுடையது என்று ஒவ்வொருவரும் நம்புகிறார்கள். பூந்தொட்டி, மணல் மூட்டை, உடைந்த நாற்காலி, கடை விளம்பரத்தோடு ஒரு ‘நோ பார்க்கிங்’ பலகை என்று எல்லைக் காவல் நடக்கிறது. அனுமதியின்றி வைக்கப்படும் இந்தப் பலகைகளுக்கும் தடைகளுக்கும் எதிராகச் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2024-ல் எச்சரிக்கை விடுத்தது. ஒருவருடைய வாசலை மறித்து வண்டி நிறுத்துவது விதிமீறல். அதே சமயம், வாசலுக்கு எதிரே உள்ள தெருவுக்கு வீட்டுக்காரரும் உரிமையாளர் இல்லை. இந்த இரண்டும் ஒருசேர உண்மை என்பதை வீடு வாங்குபவர் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நிறுத்துமிடம் உண்டு என்று சொல்லி விற்கப்படும் வீடுகளிலும் அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இருக்கிறது. மும்பை அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று தொடர்பாக மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் எழுந்த வழக்கில், தூண்தளத்திலும் (ஸ்டில்ட்) திறந்தவெளியிலும் உள்ள நிறுத்துமிடங்களைத் தனியாக விற்கக் கட்டுநருக்கு உரிமையில்லை, அவை பொதுப் பகுதிகள் என்று உச்ச நீதிமன்றம் 2010 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டமும் திறந்தவெளி நிறுத்துமிடத்தைப் பொதுப் பகுதி என்றே வரையறுக்கிறது. ஆனாலும் ‘கார் பார்க்கிங்’ என்று தனியாகச் சில லட்சங்கள் கேட்பது நின்றபாடில்லை. பழைய வீட்டை மறுவிற்பனையில் வாங்குபவர், விற்பவரின் கார் நிற்கும் இடம் தனக்கும் கிடைக்கும் என்று நம்பிவிடக் கூடாது. பத்திரத்திலோ ஒதுக்கீட்டுக் கடிதத்திலோ அந்த இடம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் குடியிருப்போர் சங்கத்திடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வாய்ச்சொல்லாக இருந்த ஏற்பாடு விற்பவரோடே போய்விடும்.

தூண்தளத்தில் இடம் இருந்தால் எல்லாம் சரி என்றும் சொல்ல முடியாது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றன. வீட்டில் நிறுத்துமிடம் வைத்திருந்தும் அதை நம்ப முடியாதவர்களின் கார்களும் அந்த வரிசையில் இருந்தன. 2015 வெள்ளமும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலும் கற்றுக்கொடுத்த பாடம் அது. தாழ்வான பகுதியில் லட்சங்கள் கொடுத்து வாங்கிய நிறுத்துமிடம் ஐப்பசி, கார்த்திகையில் பயன்படாமல் போகலாம்.

காரையே விட்டுவிட்டால்? இது எல்லோருக்கும் பொருந்தாது. வேலை நிமித்தம் தினமும் தொலைவாகப் போகிறவர்கள், நடக்க முடியாதவரை அடிக்கடி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறவர்கள் நிறுத்துமிடம் உள்ள வீட்டையே தேடுவது நல்லது. மற்றவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். நிறுத்துமிடம் இல்லாத பழைய வீடுகள் பெரும்பாலும் நகரின் மையத்தில்தான் இருக்கின்றன. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி ஆகிய இடங்களில் பறக்கும் ரயில் நிலையம் உண்டு. மாம்பலத்தில் மின்சார ரயில். வண்ணாரப்பேட்டையையும் ராயப்பேட்டையையும் மெட்ரோ தொட்டுச் செல்கிறது. கார் இல்லாமல் வாழ ஏற்ற இடங்களிலேயே கார் நிறுத்த இடமில்லாத வீடுகள் அமைந்திருக்கின்றன. விலையில் மிச்சமாகும் சில லட்சங்களோடு, காரின் மாதத் தவணை, காப்பீடு, பராமரிப்பு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால் வேண்டும்போதெல்லாம் வாடகைக் காரில் போனாலும் பணம் மிஞ்சும். எதிர்காலத்தில் மின்சாரக் கார் வாங்கும் எண்ணம் இருப்பவர்கள், சார்ஜ் ஏற்றத் தெருவின் குறுக்கே கம்பி இழுக்க முடியாது என்பதையும் இப்போதே கணக்கில் கொள்ள வேண்டும்.

வீட்டையும் நிறுத்துமிடத்தையும் பிரித்துப் பார்ப்பது சிங்கப்பூர்த் தமிழர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீட்டை வாங்கினால் நிறுத்துமிடம் கூடவே வராது. கார் வைத்திருப்பவர் மாதக் கட்டணம் கட்டுகிறார்: திறந்தவெளி என்றால் சுமார் 80 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), கூரையுள்ள இடம் என்றால் சுமார் 110 வெள்ளி. கார் இல்லாத குடும்பம் அந்தச் செலவைச் சுமப்பதில்லை. ஜப்பான் 1962-லேயே இதற்குச் சட்டம் கொண்டுவந்தது. வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் நிறுத்துமிடம் இருப்பதைக் காட்டிக் காவல் நிலையத்தில் சான்று பெற்றால்தான் பொதுவாக அங்கே காரைப் பதிவு செய்ய முடியும். அந்த இடம் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை, மாத வாடகைக்கு எடுத்ததாகவும் இருக்கலாம். டோக்கியோவின் குறுகிய தெருக்களில் இரவு முழுக்க நிற்கும் கார்களைக் காண்பது அரிது என்பதற்கு இது முக்கியக் காரணம்.

கார் வாங்குவோர் நிறுத்துமிடச் சான்று காட்ட வேண்டும் என்ற யோசனை, சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமமான கும்டா தயாரித்த வாகன நிறுத்தக் கொள்கையிலும் இடம்பெற்றிருக்கிறது. இதை வரவேற்க வேண்டும். ஆனால் சொந்த நிறுத்துமிடம் மட்டுமே செல்லும் என்று விதி வந்தால், பழைய பகுதிகளில் சிறிய வீட்டில் இருப்பவர்களை மட்டும் அது தண்டிக்கும். வசதியுள்ளவர்கள் மூன்றாவது காரையும் வாங்குவார்கள். வாடகைக்கு எடுத்த இடமும் சான்றாக ஏற்கப்பட வேண்டும். காலி மனைகளையும், முகூர்த்தமில்லாத நாட்களில் பூட்டிக் கிடக்கும் கல்யாண மண்டப வளாகங்களையும் மாத வாடகை நிறுத்துமிடங்களாக்க உரிமையாளர்களுக்கு எளிதில் அனுமதி தரலாம்.

தெருவைப் பொறுத்தவரை மாநகராட்சிதான் முதல் அடி எடுத்து வைக்க வேண்டும். எந்தத் தெருவில், எந்தப் பக்கம், எத்தனை வண்டி நிற்கலாம் என்று அளந்து கோடு போட வேண்டும். பங்குனி அறுபத்துமூவர் திருவிழாவுக்குக் கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளிலிருந்து வண்டிகளை அகற்ற ஆண்டுதோறும் முடிகிறது. மற்ற நாட்களில் ஒரு பக்கத்தையாவது காலியாக வைத்திருக்க முடியாதா? கோட்டுக்குள் நிற்கும் காருக்கு மாதக் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தை அதே தெருவின் நடைபாதைக்கும் விளக்குக்கும் செலவிட்டால் மக்கள் எதிர்ப்பும் குறையும். அந்தக் கட்டணம் என்று நடைமுறைக்கு வருகிறதோ, அன்று “தெருவுலயே விட்டுக்கலாம்” என்று சொல்லும் தரகரிடம், மாதம் எவ்வளவு ஆகும் என்று வீடு வாங்க வருபவர் கேட்பார்.