இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஒரு குரல்: இனியும் தேவையா?

ஒரு எபிசோடு முடிந்ததும், அடுத்தது இன்னும் 5 விநாடியில் என்று ஓடிடி திரையே காட்டிவிடுகிறது. யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஆனால், பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இதைச் சொல்வதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். இன்றும் சிலர் இருக்கிறார்கள். ‘கன்டினியூட்டி அனவுன்சர்’ என்று பெயர். ‘இதெல்லாம் ஒரு வேலையா?’ என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்குள்தான் சிக்கலே இருக்கிறது.

முகமாக இருந்த காலம்

1936 நவம்பர் 2-ல் லண்டன் அலெக்சாண்ட்ரா மாளிகையிலிருந்து பிபிசி தொலைக்காட்சி தொடங்கியபோது ஜாஸ்மின் பிளை, எலிசபெத் கோவெல், லெஸ்லி மிட்செல் ஆகியோர் அறிவிப்பாளர்கள். நேயர்களுக்குத் தொலைக்காட்சி என்றாலே இவர்கள் முகம்தான். 1953-ல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழா ஒளிபரப்பைத் தொடங்கிவைத்தவர் அறிவிப்பாளர் சில்வியா பீட்டர்ஸ். 1957-ல் ராணி முதன்முதலாகத் தொலைக்காட்சியில் கிறிஸ்துமஸ் உரையாற்றியபோது, கேமரா முன் எப்படிப் பேசுவது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் இவரே. அயர்லாந்தில் 1961 டிசம்பர் 31 இரவு தேசியத் தொலைக்காட்சி பிறந்தபோது அறிவிப்பாளராகத் தோன்றியவர் கேத்லீன் வாட்கின்ஸ்.

ஊருக்கு ஒரு குரல்

1955-ல் தொடங்கிய ஐடிவி, பல வட்டார நிறுவனங்களின் கூட்டு. வட்டாரத்துக்கு வட்டாரம் தனி அறிவிப்பாளர்கள். தென்மேற்கு இங்கிலாந்தில் கஸ் ஹனிபன் என்ற முயல் பொம்மையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குழந்தைகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னதும் அறிவிப்பாளர்கள்தான். பெல்ஃபாஸ்ட்டின் யுடிவியில் ஜூலியன் சிம்மன்ஸ், ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’ தொடருக்குக் கொடுத்த அறிமுகத்துக்கே தனி ரசிகர்கள் இருந்தார்கள்.

புதியவர்களுக்கு இது ஏணியாகவும் இருந்தது. பிற்காலத்தில் பிரபலத் தொகுப்பாளரான ரூத் லாங்ஸ்ஃபோர்டு, பிளிமத் நகரில் அறிவிப்பாளராகத் தொடங்கியவர். அயர்லாந்தில் தெல்மா மான்ஸ்ஃபீல்டும் அறிவிப்பாளராக இருந்துதான் ‘லைவ் அட் த்ரீ’ நிகழ்ச்சிக்குப் போனார்.

பிறகு அறிவிப்பாளர்களின் முகம் மறைந்தது. குரல் மட்டும் மிஞ்சியது. 2002 அக்டோபர் 28-ல் இங்கிலாந்தின் வட்டார நிறுவனங்கள் ‘ஐடிவி1’ என்ற ஒரே பெயருக்குள் வந்தன. ஊருக்கு ஒரு குரல் போய், லண்டன் குரலே எல்லோருக்கும் என்றானது.

மிச்சம் எது, நஷ்டம் எது?

நிர்வாகத்தின் வாதம் எளிது: ‘அடுத்து வருவது செய்திகள்’ என்று சொல்ல ஒரு பதிவு போதும். உண்மைதான். பெரும்பாலான நாட்களில் அது போதும்.

ஆனால், எல்லா நாளும் அப்படி இருப்பதில்லை. கால்பந்து ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போகும். அன்றைய இரவு அட்டவணையே கலைந்துவிடும். திடீரென்று ஒரு பெரிய மரணச் செய்தி வரும். அதற்கடுத்து நகைச்சுவை நிகழ்ச்சி காத்திருக்கும். தற்கொலையையோ வன்முறையையோ பேசும் நாடகம் முடிந்ததும், பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவி எண்ணை நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கும். எந்தத் தொனியில் சொல்வது என்பதை அந்த நிமிடத்தில் ஒருவர் முடிவு செய்தாக வேண்டும்.

இயந்திரங்களும் கைவிடும். 2021 செப்டம்பர் 25-ல் மேற்கு லண்டனில் ரெட் பீ மீடியாவின் ஒளிபரப்பு மையத்தில் தீயணைப்பு அமைப்பு இயங்கியதில் கருவிகள் சேதமடைந்து, சேனல் 4 உட்படப் பல சேனல்கள் தடுமாறின. சேனல் 4-ன் சப்டைட்டில் சேவை சீராகப் பல வாரங்கள் ஆயின. காது கேளாத நேயர்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

ஒரு வேலையை அதன் சாதாரண நாளை மட்டும் வைத்து எடைபோட்டால், அது வெட்டி வேலையாகத்தான் தெரியும். இன்று அலுவலகங்களில் ‘இதை ஏஐ செய்துவிடுமே’ என்று கணக்குப் போடுபவர்கள் செய்வதும் அதே தவறுதான். வழக்கமான அறிவிப்புகளைப் பதிவிலேயே போடட்டும். ஆனால், சேனல் ஓடும் நேரமெல்லாம் மைக் முன் ஒரு ஆள் இருக்க வேண்டும். அந்த இருக்கையில் புதியவர்களை உட்கார வைத்தால், நேரலையில் பேசப் பழகிய அடுத்த தலைமுறையும் கிடைக்கும்.