புத்தகம் ஃபெயில் ஆகல, நீங்க மார்க் போடுற முறைதான் ஃபெயில்

1/ ஃபேண்டஸி பேஸ்பால் ஆடும் அமெரிக்க ரசிகர்கள், தங்கள் ஆட்டத்தைப் பற்றி வரும் புத்தகங்களுக்குச் சொல்லும் தீர்ப்புகளைப் படிச்சா எனக்குக் கோபம்தான் வருது. "இவர் நல்லா ஆடுவார்னு போட்டிருந்தான், ஆடல. புத்தகம் குப்பை." இதே வாதத்தை நான் தினமும் கிளினிக்கில் கேட்கிறேன். அதனால்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ ஆட்டம் தெரியாதவங்களுக்கு: ட்ரீம்11 தெரியும்ல? அதே மாதிரி, ஆனா ஒரு மேட்சுக்கு இல்ல, சீசன் முழுக்க. 1980-ல் டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளரும் அவர் நண்பர்களும் நியூயார்க்கில் ஆடத் தொடங்கினாங்க. அவங்க கூடின ரெஸ்டாரன்ட் லா ரொட்டிசெரி ஃப்ரான்சேஸ். அதனால 'ரொட்டிசெரி' ஆட்டம்னே பேர் வந்தது. வழக்கமான கணக்கு இது: 260 டாலர் பட்ஜெட், 23 வீரர்கள், ஏலம். அவங்க நிஜ மைதானத்தில் எடுக்கும் ஹோம் ரன், பேட்டிங் சராசரி எல்லாம் உங்க பாயின்ட்.

3/ இதுக்குன்னே புத்தகங்கள் இருக்கு. ரான் ஷேண்ட்லர் 1986-ல் தொடங்கிய 'பேஸ்பால் ஃபோர்காஸ்டர்' வருஷாவருஷம் வரும் கணிப்புப் புத்தகம். சாம் வாக்கரின் 'ஃபேண்டஸிலேண்ட்' (2006) கதை சொல்லும் புத்தகம். இவற்றின் மேல் மூணு குற்றச்சாட்டு திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொண்ணா பார்ப்போம்.

4/ முதல் குற்றச்சாட்டு: "கணிப்பு தப்பு."

கணக்கு போடுங்க. ஒரு பேட்டரின் உண்மையான திறமை 0.275. 500 வாய்ப்பில் அவர் சுமார் 137 ஹிட் அடிக்கணும். ஆனா திறமை துளியும் மாறாம, அதிர்ஷ்டம் மட்டுமே 10 ஹிட்டை ஏத்தும், இறக்கும். அதே திறமையுள்ள பத்து பேரை எடுத்தா, ஏறக்குறைய ஒருத்தர் 0.300-ஐத் தொடுவார். இன்னொருத்தர் 0.250 பக்கம் விழுவார். பத்து பேருக்கும் 0.275-னு எழுதிய புத்தகம் எங்கே தப்பு பண்ணுச்சு? விழுந்தவரை ஏலத்தில் எடுத்தவர் மட்டும் திட்டுறார்.

5/ கிளினிக்குக்கு வாங்க. "உங்களுக்கு அடுத்த 10 வருஷத்தில் மாரடைப்பு வர 20 சதவீதம் வாய்ப்பு"னு சொல்றேன். அப்படிப்பட்ட 100 பேரில் 80 பேருக்கு வராது. அந்த 80-ல் ஒருத்தர் சொல்வார்: "டாக்டர் சும்மா பயமுறுத்தினார், மாத்திரையை நிறுத்தினேன், நல்லாத்தானே இருக்கேன்?" எங்க தாத்தா 90 வயசு வரை பீடி குடிச்சார் கதையும் இதேதான். ஒரே ஒரு ஆளை வச்சு ஒரு சதவீதத்தைத் தப்புன்னு நிரூபிக்க முடியாது சார். நூறு பேரையும் பார்க்கணும்.

6/ இதோட மறுபக்கம் இன்னும் மோசம். "அவன் சொன்ன ஆள் 40 ஹோம் ரன் அடிச்சார், அவன் மேதை!" இப்படி மார்க் போட்டா யார் ஜெயிப்பாங்க? அடக்கமா, "இதுக்கும் இதுக்கும் நடுவுல இருக்கலாம்"னு எழுதுறவர் தோற்பார். அடிச்சுச் சொல்றவர் ஜெயிப்பார். 'முப்பதே நாளில் சர்க்கரையை விரட்டலாம்' வியாபாரமும் இந்த மார்க் முறையிலதான் பிழைக்குது.

7/ இரண்டாவது: "அச்சாகி வரும்போதே பழசு."

பனிக்காலத்தில் அச்சாகும் புத்தகத்துக்கு, ஏப்ரலில் ஒரு பிட்சரின் முழங்கை லிகமென்ட் கிழியப்போவது எப்படித் தெரியும்? அது எங்களுக்கே தெரியாது. கிழிஞ்ச பிறகுதான் எம்ஆர்ஐ சொல்லும். 1974-ல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு டாக்டர் ஃப்ராங்க் ஜோப் அந்த லிகமென்ட்டைப் புதுசா கட்டினார். 1976-ல் திரும்பி வந்தவர் அதுக்கப்புறம் 164 ஆட்டங்களை ஜெயிச்சார். அதையும்தான் யார் முன்கூட்டியே எழுதியிருக்க முடியும்?

8/ பழசாவது பெயர்ப் பட்டியல். பழசாகாதது பார்க்கும் முறை. பிட்சர் எத்தனை ரன் கொடுத்தார்னு மட்டும் பார்க்காதே, எத்தனை ஸ்ட்ரைக் அவுட், எத்தனை வாக்னு பார். ஏன்னா பந்து மட்டையில் பட்டு மைதானத்துக்குள் போன பிறகு ஃபீல்டரும் அதிர்ஷ்டமும் உள்ளே வந்துடும். டெங்குவில் நாங்க செய்வதும் இதேதான். ஜுரம் விட்டுடுச்சுன்னு குடும்பமே சந்தோஷப்படும். ஆனா ஆபத்தான கட்டம் தொடங்குவதே அப்போதான். நாங்க ஹீமடோக்ரிட்டையும் பிளேட்லெட்டையும் பார்த்துட்டு இருப்போம். இந்தப் பாடம் போன வருஷப் புத்தகத்தில் இருந்தாலும் செல்லும்.

9/ மூணாவது: "கதைப் புத்தகத்தில் டிப்ஸ் இல்ல, ஜெயிக்க உதவாது."

'ஃபேண்டஸிலேண்ட்'டில் வாக்கர் என்ன செய்றார்? 'டவுட் வார்ஸ்'னு நிபுணர்கள் ஆடும் லீகில் சேர்றார். நாசாவில் வேலை பார்த்த சிக் மெய்டாலை எண்களுக்காகப் பக்கத்தில் வச்சுக்கிறார். பத்திரிகையாளரான தானே போய் வீரர்களிடம் பேசுறார். எண்ணா, ஆளா என்ற சண்டைதான் புத்தகம். அந்த மெய்டால் பிறகு நிஜ பேஸ்பால் அணிகளுக்கே ஆய்வாளரா போனார். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து நோயாளியின் முகத்தைப் பார்க்காத டாக்டரை நீங்க திட்டுவீங்க. அதே நீங்க, ஆளைப் பார்க்கச் சொல்லும் புத்தகத்தை 'வேஸ்ட்'னு சொன்னா எப்படி?

10/ நியாயமான புகார் ஒண்ணு இருக்கு, அதை மறுக்க மாட்டேன். சில புத்தகங்கள் போன வருஷக் கணிப்பையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சுக் காட்டுறதே இல்ல. பலிச்ச நாலு பெயரை மட்டும் அட்டையில் போடும். அதைக் கேளுங்க. விடாம கேளுங்க.

11/ அதனால மார்க் போடும் முன் மூணு கேள்வி: முழுப் பட்டியலில் எத்தனை சரியா வந்தது? அன்றைக்குத் தெரிந்த தகவலை வச்சு அந்தக் காரணம் நியாயமா இருந்ததா? அடுத்த வருஷமும் எனக்கு உதவும் ஒரு பார்வையைக் கொடுத்ததா?

12/ இந்த த்ரெட்டில் ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும்னா: அடுத்த தடவை உங்க டாக்டர் ஒரு சதவீதம் சொன்னா, "எனக்கு வருமா வராதா, ஒரே வார்த்தையில் சொல்லுங்க"ன்னு கேக்காதீங்க. "என்னை மாதிரி 100 பேரில் எத்தனை பேருக்கு? மாத்திரை சாப்பிட்டா எத்தனை பேருக்கு?"ன்னு கேளுங்க. பதில் சொல்றது எங்க கடமை.