சரிகைக்கு எக்ஸ்ரே, பட்டுக்குத் தீக்குச்சியா?

காஞ்சிபுரத்தில் சரிகையைச் சோதிக்க எக்ஸ்ரே கருவி உண்டு. வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று சில நிமிடங்களில் கணக்கு வந்துவிடும். பட்டு இழைக்கு? முந்தானை ஓரத்தில் இரண்டு நூலை உருவித் தீக்குச்சி காட்டுவதுதான் இன்றும் வழக்கம். தலைமுடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகி உருண்டையானால் பாலியஸ்டர்.

கடைக்கு இது போதும். ஆனால் கம்பளியும் அதே வாடைதான் அடிக்கும். மல்பெரிப் பட்டா, டசர் என்ற காட்டுப்பட்டா என்பதும் நெருப்புக்குத் தெரியாது.

பட்டு என்பது புரதம்; அதைச் சோதித்தால் இதற்கு விடை கிடைக்கும். சாயம் போடுமுன் சோப்பு நீரில் கொதிக்கும்போது செரிசின் என்ற பசை, எடையில் ஏறக்குறைய கால்பங்கு, கழன்றுவிடுகிறது. மிஞ்சும் ஃபைப்ராயின் தண்ணீருக்கு மசியாது. கால்சியம் உப்புக் கரைசலில் சூடாக்கினால் இளகும். பிறகு என்சைமால் நறுக்க வேண்டும். ஆய்வுக்கூடங்கள் வழக்கமாகக் கையாளும் டிரிப்சின், லைசினும் ஆர்ஜினினும் உள்ள இடத்தில் மட்டுமே வெட்டும். ஃபைப்ராயினிலோ பெரும்பகுதி கிளைசின், அலனின், செரின் என்றே திரும்பத் திரும்ப வருகிறது. டிரிப்சினுக்குப் பிடி அரிதாகவே கிடைக்கும். அங்கே கைமோட்ரிப்சின் கைகொடுக்கும். நறுக்கிய துண்டுகளைத் திரவக் குரோமட்டோகிராஃபி வரிசையாகப் பிரித்து அனுப்ப, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒவ்வொன்றையும் உடைத்து நிறையை அளக்கும். அந்த எண்களைத் தெரிந்த புரதங்களின் பட்டியலோடு ஒப்பிட்டால், இழையைத் தந்தது எந்தப் புழு என்பது வெளிப்படும்.

ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2022இல் இவ்வழியில் சிரியாவின் பல்மைரா நகரத்துப் பழந்துணிகளைச் சோதித்தார்கள். அரசி செனோபியா காலத்து, அதாவது 3ஆம் நூற்றாண்டுத் துணியில் இந்தியக் காட்டுப்பட்டான டசர் அகப்பட்டது. மக்கிய துணியிலேயே இது முடிகிறதென்றால் பாட்டியின் கூறைப்புடவையில் முடியாதா?

இதை வைத்து "புரதச் சோதனை செய்த அசல் காஞ்சிப் பட்டு" என்று யாராவது அட்டை ஒட்டினால் அது சுத்த ஏமாற்று. சீன நூலும் கர்நாடக நூலும் ஒரே மல்பெரிப் புழுவின் நூல்தான். கருவி புழுவைச் சொல்லும், தறியைச் சொல்லாது. கரையையும் உடலையும் இணைக்கும் கோர்வை கைத்தறியில் போட்டதா என்பதைத் தறிக்காரர் புடவையைத் திருப்பிப் பார்த்தே சொல்லிவிடுவார்.

எனவே புடவைக்குப் புடவை இந்தச் சோதனை வேண்டாம், செலவு தாங்காது. கலப்படப் புகார் முற்றும்போதும், கோயில்களில் பழைய வஸ்திரங்களைப் பதிவு செய்யும்போதும் வேண்டும். கருவியைக் காஞ்சிக்குக் கொண்டுவரத் தேவையில்லை. சென்னை ஐஐடி போன்ற இடங்களில் ஏற்கெனவே இருக்கிறது. பாவிலும் ஊடையிலும் தனித்தனியே எடுத்த சிறு இழைகளை அனுப்ப, கைத்தறித் துறை அவர்களோடு ஓர் ஒப்பந்தமும் கட்டணமும் முடிவு செய்தால் போதும்.