பணிக்கொடை பிச்சையன்று

1996 ஆம் ஆண்டில் வெண்புள்ளி நோய் புத்தளக் கரையோர இறால் பண்ணைகளைச் சூறையாடியது. பண்ணைகள் பல மூடப்பட்டன. முதலாளியின் நட்டத்தைக் கணக்கிட்டோர் பலர். குளக்கரையில் இராக்காவல் நின்றவனின் கணக்கை யார் பார்த்தார்?

சட்டம் முற்றாக ஊமையன்று. 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின் கீழ், இன்று சம்பளத்தில் நூற்றுக்கு 8 தொழிலாளியும் 12 முதலாளியும் செலுத்துகின்றனர். அது முதல் நாளிலிருந்தே தொழிலாளியின் உடைமை. ஆட்குறைப்பு அதைத் தீண்டமுடியாது. 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமோ 5 ஆண்டு நிறைந்தவனுக்கே, அதுவும் 15 பேருக்குக் குறையாத தொழிலகத்திலேயே, உரிமை தருகிறது. நான்கு ஆண்டும் பதினொரு மாதமும் சேற்றில் நின்றவன் பணிக்கொடையின்றிப் போகவேண்டும்! வெளியேற்றும் நாளைக் குறிப்பவர் யார்? முதலாளியே. உழைப்பு ஒருவன் தோளிலும் அளவுகோல் மற்றொருவன் கையிலும் இருப்பது எந்த நீதி?

‘தொழிலே நொடிந்தபின் கொடுப்பதெங்ஙனம்?’ என்பர். பணிக்கொடை இலாபத்திலிருந்து வீசும் சில்லறையன்று; தள்ளிவைக்கப்பட்ட கூலி. நோயைத் தொழிலாளி அழைத்து வரவுமில்லை.

ஆட்குறைப்பால் வெளியேற்றப்படுவோர்க்கு, ஆண்டு எத்தனையாயினும், உழைத்த காலத்துக்கேற்ற பணிக்கொடை கிடைக்கச் சட்டம் திருத்தப்படவேண்டும். ஓய்வூதியம் உறுதியான ஆசிரியராகிய நாம் இதைச் சொல்லக் கூசினால், வகுப்பறையில் அறம் கற்பிக்கும் தகுதி நமக்கில்லை.