கோல் மேல் கோல் வாங்கும் அணி: தப்பு பயிற்சியாளர் மேலா, வீரர்கள் மேலா?

கோல் விழுந்த அடுத்த நிமிடமே பஞ்சாயத்து தொடங்கிவிடும். "இந்த டிஃபெண்டர்களை வெச்சுக்கிட்டு எந்த கோச் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது" என்பது ஒரு கட்சி. "ஆளுங்க நல்லாத்தான் இருக்காங்க, அவங்களை எங்க நிக்க வைக்கணும்னு கோச்சுக்குத்தான் தெரியலை" என்பது எதிர்க்கட்சி. இங்கிலாந்து பிரீமியர் லீக்கைப் பின்தொடரும் ரசிகர்களிடையே இந்தச் சண்டை இல்லாத வாரமே கிடையாது.

சும்மா அரட்டைதானே என்று தள்ளிவிடவும் முடியாது. கிளப் நிர்வாகங்கள் கோடிக்கணக்கான பவுண்டைக் கையில் வைத்துக்கொண்டு விடை தேடுவதும் இதே கேள்விக்குத்தான். விடை தப்பினால் தேவையில்லாத வீரருக்குப் பணம் போகும், நல்ல பயிற்சியாளரின் வேலை போகும், அல்லது ஒரு வீரரின் பெயர் நிரந்தரமாகக் கெட்டுப்போகும்.

சரி, எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு மற்றொன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். கால்பந்தில் அப்படி அமைவது அபூர்வம். ஆனால் கடந்த சில ஆண்டுகளில் இங்கிலாந்திலேயே கிட்டத்தட்ட அப்படி இரண்டு முறை அமைந்தது. முதலில் லிவர்பூல், பிறகு செல்சி.

லிவர்பூல்: கோச் அதே, ஆள் புதுசு

2013-14 சீசனில் லிவர்பூல் 101 கோல்கள் அடித்தது. ஆனால் 50 கோல்களை வாங்கியது. கடைசியில் மான்செஸ்டர் சிட்டியிடம் 2 புள்ளிகளில் கோப்பையைக் கோட்டைவிட்டது. 2015 அக்டோபரில் யுர்கன் கிளாப் பொறுப்பேற்ற பிறகும் இந்த வியாதி உடனே தீரவில்லை. 2015-16ல் 50 கோல், 2016-17ல் 42 கோல். 2017 அக்டோபரில் வெம்ப்ளியில் டாட்டன்ஹாமிடம் 4-1 என்று தோற்ற ஆட்டத்தில் டிஃபெண்டர் தேயான் லோவ்ரனை 31ஆவது நிமிடத்திலேயே கிளாப் வெளியே எடுத்தார். "கிளாப்புக்கு அட்டாக் மட்டும்தான் தெரியும், டிஃபென்ஸ் சொல்லிக்கொடுக்கத் தெரியாது" என்ற பேச்சு அப்போது சர்வசாதாரணம்.

2018 ஜனவரியில் 7.5 கோடி பவுண்டுக்கு வர்ஜில் வான் டைக் வந்தார். ஒரு டிஃபெண்டருக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை அது. அதே ஆண்டு கோடையில் கோல்கீப்பர் அலிசனும் மிட்ஃபீல்டர் ஃபபின்யோவும் வந்தார்கள். 2018-19 சீசனில் லிவர்பூல் வாங்கியது 22 கோல்கள்தான். அலிசன் 21 ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடவில்லை. அந்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக், அடுத்த ஆண்டு பிரீமியர் லீக் என இரண்டு கோப்பைகளும் வந்து சேர்ந்தன.

பயிற்சியாளர் அதே கிளாப்தான். ஆக, "ஆள் நல்லா இருந்தா எல்லாம் சரியாகும்" என்ற கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

செல்சி: ஆள் அதே, கோச் புதுசு

எதிர்க்கட்சியிடமும் பலமான சாட்சி உண்டு. 2021 ஜனவரி 25 அன்று செல்சி, ஃபிராங்க் லம்பார்டை நீக்கியது. அப்போது அணி 9ஆவது இடத்தில் இருந்தது. 19 லீக் ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் 23. பதிலுக்கு வந்தவர் தாமஸ் டூஹல். புதிதாக ஒரு டிஃபெண்டரைக்கூட அவர் வாங்கவில்லை.

இருப்பவர்களை வேறு மாதிரி நிறுத்தினார், அவ்வளவுதான். பின்னால் மூன்று சென்டர்பேக்குகள், அவர்களுக்கு முன்னால் இரண்டு மிட்ஃபீல்டர்கள். அந்த சீசனில் லம்பார்ட் அதிகம் பயன்படுத்தாத அன்டோனியோ ரூடிகர் நிரந்தர இடம் பிடித்தார். பந்தை எளிதில் இழக்காமல் பொறுமையாகச் சுற்றவிடுவது அணியின் பழக்கமானது. பந்து நம்மிடம் இருக்கும்வரை எதிரணி கோல் அடிக்க முடியாது என்ற எளிய கணக்கு.

முதல் 14 ஆட்டங்களில் செல்சி வாங்கியது 2 கோல்கள். அதில் ஒன்று ரூடிகரே தவறுதலாகத் தன் கோல் கம்பத்துக்குள் அனுப்பியது. 2021 மே 29 அன்று போர்ட்டோவில் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வென்று செல்சி ஐரோப்பிய சாம்பியன் ஆனது. நான்கு மாதங்களுக்கு முன் "தேறாது" என்று ரசிகர்கள் கைகழுவிய அதே டிஃபெண்டர்கள்தான் ஆடினார்கள்.

அப்போ இரண்டுமே சரியா?

இங்கே "ரெண்டும் முக்கியம்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். ஆனால் இரண்டு கதைகளையும் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

வான் டைக்கும் அணியில் இருந்த ஒரு நாள். 2020 அக்டோபர் 4, ஆஸ்டன் வில்லாவிடம் நடப்பு சாம்பியன் லிவர்பூல் 7-2 என்று தோற்றது. அலிசன் காயத்தால் ஆடவில்லை. ஆனால் உலகின் சிறந்த டிஃபெண்டர் என்று பேசப்பட்டவர் 90 நிமிடமும் களத்தில் இருந்தார். முன்னால் இருந்தவர்கள் பந்தை வைத்திருந்த எதிரணி வீரரை நெருக்கவில்லை. பின்வரிசையோ வழக்கம்போல மைதானத்தின் நடுப்பகுதிவரை ஏறி நின்றது. நிதானமாகத் தலைநிமிர்ந்து பார்த்துப் பந்தை அனுப்ப எதிரணிக்கு நேரம் கிடைத்தால், அந்த உயரமான வரிசைக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடம் திறந்த கதவு மாதிரி. அதற்கு எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஆளும் தாழ்ப்பாள் ஆக முடியாது.

இரண்டே வாரத்தில் எவர்ட்டனுக்கு எதிரான ஆட்டத்தில் வான் டைக்கின் முழங்கால் போனது. பிறகு ஜோ கோமெஸ், ஜோயல் மாட்டிப் என மற்ற சென்டர்பேக்குகளும் ஒருவர்பின் ஒருவராகக் காயமடைந்தார்கள். கிளாப் தன் மிட்ஃபீல்டர்களான ஃபபின்யோவையும் ஹெண்டர்சனையும் பின்னால் இறக்கினார். 2021 தொடக்கத்தில் ஆன்ஃபீல்டில் லிவர்பூல் தொடர்ந்து 6 லீக் ஆட்டங்களில் தோற்றது. கிளப்பின் வரலாற்றில் அதுவரை நடக்காதது.

"டிஃபெண்டர் இல்லை, அதனால தோத்தாங்க" என்பது பலரின் தீர்ப்பு. ஆனால் அந்த 6 தோல்விகளில் 4 ஆட்டங்களின் ஸ்கோர் 0-1. பின்னால் பெரிதாக எதுவும் இடிந்துவிடவில்லை. நடுக்களத்திலிருந்து ஆட்களை உருவியதால் பந்தை முன்னால் கொண்டுபோக ஆள் இல்லாமல் போனது. ஓட்டையை அடைக்கப் போய் நடுச்சுவரையே பெயர்த்தது போன்ற நிலை.

பிறகு என்ன நடந்தது? ஃபபின்யோ மறுபடி நடுக்களத்துக்குத் திரும்பினார். அதிகம் பேர் கேள்விப்படாத நேட் பிலிப்ஸும் இளம் வீரர் ரீஸ் வில்லியம்ஸும் சீசனின் கடைசிக் கட்டத்தில் பின்னால் சேர்ந்து நின்றார்கள். கடைசி 10 லீக் ஆட்டங்களில் லிவர்பூல் 8 வெற்றி, 2 டிரா. ஒரு தோல்விகூட இல்லை. 3ஆவது இடத்தில் முடித்து சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பைப் பிடித்தது. வான் டைக் இல்லாமலேயே.

ரசிகர்களின் விவாதத்தில் விட்டுப்போகும் புள்ளி இதுதான். கோல் விழும் இடமும் தப்பு நடக்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. தப்பு இரண்டு வரிசைக்கு முன்னால் நடக்கும். பழி கடைசியில் நிற்பவன் தலையில் விழும்.

கடைசி ஆள் கொடுத்த விலை

இந்தப் பழிக்கு மனித விலையும் உண்டு. 2018 மே 26 அன்று கீவ் நகரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் லிவர்பூல் கோல்கீப்பர் லோரிஸ் கேரியஸ் செய்த இரண்டு பெரிய தவறுகளால் ரியல் மாட்ரிட் 3-1 என்று வென்றது. கேரியஸுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அந்த ஆட்டத்தில் செர்ஜியோ ராமோஸுடன் மோதியதில் அவருக்கு மூளை அதிர்வு ஏற்பட்டிருந்தது என்று பாஸ்டன் மருத்துவர்கள் சொன்னது சில நாட்கள் கழித்துத்தான். அதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அதன்பின் லிவர்பூலுக்காக அவர் எந்தப் போட்டித் தொடரிலும் ஆடவில்லை.

வெம்ப்ளியில் 31 நிமிடத்தில் வெளியே அனுப்பப்பட்ட லோவ்ரன் என்ன ஆனார்? ஒரு வருடம்கூட முடியவில்லை. 2018 ஜூலையில் குரோஷியாவுக்காக உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஆடினார். "திறமை இல்லாத ஆள்" அந்த மேடைவரை வர முடியுமா? அமைப்பு சரியாக இருந்தால் சுமாரான டிஃபெண்டரும் தேறுவார். அமைப்பு குலைந்தால் நல்ல டிஃபெண்டரும் கோமாளியாகத் தெரிவார்.

அப்படின்னா கோச்சைத் தூக்கிடலாமா?

அவசரப்பட வேண்டாம். நெதர்லாந்து லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான தகவல்களைப் பொருளாதார நிபுணர் பாஸ் டெர் வேல் ஆராய்ந்தார். தொடர்ந்து தோற்றதால் பயிற்சியாளரை நீக்கிய அணிகள் பிறகு மேலே வந்தது உண்மைதான். ஆனால் அதே அளவு தோற்றும் பயிற்சியாளரை நீக்காத அணிகளும் ஏறக்குறைய அதே மாதிரி மேலே வந்தன. ரொம்ப மோசமான காலம் தானாகவே கொஞ்சம் தணியும். அந்த நேரத்தில் யார் நாற்காலியில் இருக்கிறாரோ அவருக்குப் பாராட்டு போகிறது.

டூஹலின் செல்சி இந்தச் சராசரிக்கு விதிவிலக்கு. ஆனால் அந்தக் கதைக்கும் பின்பாதி உண்டு. 2022 கோடையில் ரூடிகரும் கிறிஸ்டென்சனும் ஒப்பந்தம் முடிந்து, ஒரு பைசா வரவில்லாமல், ரியல் மாட்ரிட்டுக்கும் பார்சிலோனாவுக்கும் போனார்கள். ஆகஸ்டில் செல்சி லீட்ஸிடம் 3-0 என்று தோற்றது. செப்டம்பர் 7 அன்று டூஹலும் நீக்கப்பட்டார். கோச்சின் வித்தை எவ்வளவு பெரிதானாலும் அதைச் செய்துகாட்ட ஆள் வேண்டும். அந்த ஆட்களைப் போகவிட்டது நிர்வாகம். விவாதத்தில் மூன்றாவதாக நிற்க வேண்டிய அந்தத் தரப்பைப் பலர் கூப்பிடுவதே இல்லை.

லீட்ஸிலும் இதே சிக்கல்தான். 2022 பிப்ரவரியில் மட்டும் அந்த அணி லீக்கில் 20 கோல்கள் வாங்கியது. ஆளுக்கு ஆள் துரத்திப் பிடிக்கும் மார்செலோ பியெல்சாவின் முறையைப் பலர் குறை சொன்னார்கள். மாத இறுதியில் அவர் நீக்கப்பட்டார். முறையில் ஆபத்து இருந்தது நிஜம். ஆனால் பின்வரிசைக்குக் காவலாக நிற்கும் கால்வின் பிலிப்ஸும் கேப்டன் லியாம் கூப்பரும் டிசம்பரிலிருந்தே காயத்தில் இருந்தார்கள் என்பதும் நிஜம்.

மூன்று கேள்விகள்

அடுத்த முறை அணி கோல் மேல் கோல் வாங்கும்போது தீர்ப்புக்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதலாவது, யார் ஆடவில்லை? பின்வரிசையில் மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு முன்னால் நிற்கும் மிட்ஃபீல்டர் இருக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, எதிரணிக்கு எத்தனை நல்ல வாய்ப்புகள் கிடைத்தன? ஆட்டத்துக்கு இரண்டு மூன்று வாய்ப்புதான், ஆனால் எல்லாமே கோல் ஆகிறது என்றால் கோல்கீப்பரையோ தனிநபர் தவறையோ பார்க்கலாம். வாய்ப்புகள் மழையாகக் கொட்டுகின்றன என்றால் அது அமைப்பின் கோளாறு. அதற்குப் பொறுப்பு கோச்.

மூன்றாவது, கோல்கள் ஒரே மாதிரி விழுகின்றனவா? ஒவ்வொரு வாரமும் ஒரே கார்னர், ஒரே பக்கம், ஒரே இடைவெளி என்றால் அது பயிற்சியில் தீர்க்க வேண்டியது. ஒவ்வொன்றும் வேறு மாதிரி, ஆனால் எல்லாவற்றிலும் ஒரே ஆள் தடுமாறுகிறார் என்றால் அப்போது திறமையைப் பற்றிப் பேசலாம்.

எதிரணி எத்தனை முறை கோலுக்குக் கிட்டே வருகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பயிற்சியாளர். வந்த பிறகு என்ன ஆகும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் வீரர்கள். அந்த இருவரையும் கொண்டுவந்து சேர்த்தது நிர்வாகம். ஆகவே விசாரணையை முதலில் கோச்சிடமும் நடுக்களத்திலும் தொடங்குவதே நியாயம். கடைசியில்தான் கோல் கம்பத்துக்கு வர வேண்டும். பெரும்பாலான விவாதங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. கோல் கம்பத்தில் தொடங்கி, அங்கேயே ஒரு ஆளைப் பிடித்துக் கட்டிவைத்துவிட்டு முடிந்துவிடுகின்றன.