வெளியூர் சென்ற கணவரும் மனைவியின் உடல்நலமும்

விருதுநகரை அடுத்த ஆமத்தூர் வட்டாரத்தில் மானாவாரி வெள்ளாமையே அதிகம். மழை ஏமாற்றினால் ஆண்கள் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் பிழைக்கப் போகிறார்கள். சிலர் லாரி ஓட்டப் போகிறார்கள். களையெடுப்பதும், ஆடுமாடுகளைப் பார்ப்பதும், தீப்பெட்டி ஆபீசுக்கோ பட்டாசு ஆலைக்கோ சென்று கூலி கொண்டு வருவதும் பெண்களே. அவர்கள் படுத்துவிட்டால் காடும் வீடும் சேர்ந்து படுத்துவிடும். ஆயினும் ஒரு வகை நோயை மட்டும் அவர்கள் வெளியே சொல்வதில்லை. அது பால்வினை நோய்.

துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், அரிப்பு, அடிவயிற்று வலி, நீர்க்கடுப்பு, பிறப்புறுப்பில் புண் ஆகியவை இதன் அறிகுறிகள். இவற்றை உடற்சூடு என்று எண்ணி, வெந்தயத்தை ஊறவைத்துத் தின்றுவிட்டு மாதக்கணக்கில் பொறுத்துக் கொள்கிறார்கள். வெள்ளைப்படுதல் எல்லாமே பால்வினை நோய் அன்று. பரிசோதித்தால்தான் தெரியும். பல பெண்களுக்கு அறிகுறியே இல்லாமலும் நோய் இருக்கும். கவனிக்காவிட்டால் கருக்குழாய் அடைபட்டுப் பிள்ளைப்பேறு இல்லாமல் போகலாம். கர்ப்பிணிக்கு சிபிலிஸ் எனும் மேகநோய் இருந்தால் சிசு வயிற்றிலேயே இறக்கக்கூடும். இத்தனைக்கும் அது பென்சிலின் ஊசியால் குணமாகிற நோய்.

பரிசோதனை என்றாலே நடத்தையைச் சந்தேகிப்பதாக நினைப்பதுதான் பெரிய தடை. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஏற்றிய ரத்தத்தால் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றியது. ரத்தம் கொடுத்த இளைஞருக்கோ, வெளிநாட்டு வேலைக்காகச் செய்த பரிசோதனையில்தான் தமக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. உடலில் நோய் இருப்பதை அறியாமலேயே ஒருவர் இருக்க முடியும். ஆகவே பரிசோதனை என்பது குற்ற விசாரணை அன்று.

மனைவிக்கு மட்டும் சிகிச்சை செய்வதிலும் பயனில்லை. பக்கத்துக் காட்டில் புழுவை விட்டுவைத்து, நம் காட்டுக்கு மட்டும் மருந்தடித்த கதைதான். கணவன் மனைவி இருவரும் ஒரே சமயத்தில் மருந்து சாப்பிட வேண்டும். குணமாகும் வரை ஆணுறை அவசியம்.

அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். தொற்றிய புதிதில் இது பரிசோதனையில் தெரியாமல் போகலாம். மூன்று மாதம் கழித்து மறுமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். தொற்று இருந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. கூட்டு மருந்து 2004 முதல் இலவசமாகத் தரப்படுகிறது. அதைத் தவறாமல் சாப்பிட்டால் நெடுங்காலம் வாழலாம். குழந்தைக்குத் தொற்றாமலும் காக்கலாம். சம்மதமின்றிப் பரிசோதிப்பதையும், விவரத்தை வெளியிடுவதையும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 1097 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம்.

இதை மனைவி வாய்திறந்து கேட்பது கடினம். கேட்டால் வீட்டில் சண்டை வரும் என்ற பயம் அவருக்கு உண்டு. எனவே முதலில் பேச வேண்டியவர் கணவரே. பொங்கலுக்கு ஊர் திரும்பும் ஆண்கள், தாமே முன்வந்து மனைவியுடன் ஒரு முறை மருத்துவமனைக்குச் சென்று வர வேண்டும். மாமியார்மாரும் இதற்குத் துணை நிற்பது நலம்.